கிராமியப் பிரிவில் கே-பொப்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தமிழ்ச் சபை நடத்தும் நடனப் போட்டியில் வென்றால் கோப்பை கிடையாது. ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைகளில் மண்டபச் சாவி கிடைக்கும். எனக்கும் மயூரிக்கும் எங்கள் குழுவின் மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சாவிதான் வேண்டும். ஃபிளாட்டின் மொட்டைமாடியில், காயப்போட்ட சேலைகளுக்கு நடுவில் ஆடி, கீழ்வீட்டு அன்ரியிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போயிருந்தோம்.

பெயர் கொடுக்கப் போனபோது செயலாளர் நாகேந்திரம் அங்கிள் நெற்றியைச் சுருக்கினார்.

“கே-பொப்பா? ரூபிகா, பரதம், கிராமியம், மேற்கத்தேயம் எண்டு மூண்டு பிரிவுதான் பிள்ளை இருக்கு.”

“அப்ப மேற்கத்தேயத்திலை போடுங்கோ அங்கிள்.”

“கொரியா மேற்கிலையே இருக்கு?”

புவியியல் படிப்பித்தவர், விடுவாரா? கிராமியத்தில் போட்டுவிட்டார். கும்மிக்கும் கரகத்துக்கும் நடுவில் நாங்கள்! போதாததற்கு, நடராசர் இருக்கும் மேடையில் சப்பாத்துப் போடக்கூடாதாம். எனக்கு வந்ததே கோபம்! “வெறுங்காலோடையே ஆடிக் காட்டுவம், வாங்கோடி” என்றேன்.

போட்டியன்று நடுவர் நேசமலர் ரீச்சர் மைக்கைப் பிடித்தார். “இது எந்த ஊர்க் கூத்து பிள்ளையள்?”

மண்டபமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொரியாக்காரற்றை பொப் பாட்டைத்தான் கே-பொப் எண்டு சொல்லுறது ரீச்சர். அது ஒரேயொரு வகைப் பாட்டில்லை. ரெப், டிஸ்கோ, காதல் பாட்டு எல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. எங்கட கொத்துரொட்டி மாதிரித்தான். உள்ளுக்கு என்ன போட்டாலும் தட்டுற தட்டு அவையின்ரை.”

“அப்ப தட்டிக் காட்டுங்கோவன்.”

தட்டினோம். ஐந்து பேருமே சின்னதிலிருந்து பரதம் பழகியவர்கள். எல்லோருடைய கால்களும் ஒன்றாகப் பலகையில் விழுந்தபோது, மொட்டைமாடியில் சப்பாத்தோடு ஒருநாளும் கேட்காத சத்தம் கேட்டது. பாட்டையே அமுக்கிக்கொண்டு எழுந்தது. முன்வரிசையில் இருந்த கும்மிக் கோஷ்டியே கைதட்டத் தொடங்கிவிட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல!

முடிவை வாசிக்க நாகேந்திரம் அங்கிள்தான் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“கிராமிய நடனம். முதலாம் இடம்... கே-பொப்.”

மயூரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். நான் அவளைவிடப் பலமாகக் கத்தினேன்.

அங்கிள் சாவியை நீட்டினார். “சனிக்கிழமை நாலு மணி. சப்பாத்து வாசலிலை.”

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். “இனி நீங்கள் கெஞ்சினாலும் சப்பாத்துப் போடமாட்டம் அங்கிள்!”