சுங்கானில் பதிந்த பல்

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வியப்பில் அல்ல, பல் மருத்துவரின் நாற்காலியில் படுத்திருந்தேன். அவர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்க முடியாத ஆளாகப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

2

பைப்பைக் கையில் எடுத்ததும் மருத்துவர்—

(வேண்டாம். பைப் என்றால் பிளம்பர் கதை என்று நினைத்துவிடுவீர்கள். புகை பிடிக்கும் சுங்கான் என்றே வைத்துக்கொள்வோம்.)

மருத்துவர் பழைய இங்கிலாந்துச் சுங்கான்களைச் சேர்ப்பவர். பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டையில் கடைந்தவை. புகை பட்டாலே அவருக்குத் தும்மல் வரும். ஆனாலும் கட்டையில் ஓடும் வரிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஓட்டிவிடுவார். (முதலில் அவரைப் புகைப்பவராக எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை, இருமியது.)

வெள்ளிப் பூண் போட்ட ஒன்றுதான் அவற்றில் உசத்தி. எத்தனையோ வருஷத்துப் பழசு, ஆனால் யார் பல்லும் படாதது என்பதற்காகவே தேடிப் பிடித்து வாங்கியது. ஒருநாள் துடைக்கும்போது பார்த்தால், அதன் கறுப்பு ரப்பர் வாய்முனையில் பல் தடம். புத்தம் புதிது.

3

சந்தேகம் நேராக மைத்துனர் மேல் போனது. மனைவியின் தம்பி, வந்தால் கை சும்மா இருக்காது. பல்லைச் சுத்தம் செய்துவிடுகிறேன் என்று நைச்சியமாகப் பேசி கிளினிக்குக்கு வரவழைத்து, மெழுகுத் தகடு ஒன்றைக் கடிக்க வைத்தார். தடம் பொருந்தவில்லை. மைத்துனரின் பல் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

4

அன்று மாலை மனைவி தன் அக்காவுடன் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது.

"என்னக்கா பண்றது? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

நீங்களும் நானும் சாதாரணமாகச் சொல்வதுதான். வேறொரு கணவன் என்றால், இவளுக்கு என்ன கஷ்டம் என்று யோசித்திருப்பான். இவர் புத்தி, எதைக் கடித்துக்கொண்டு என்று போயிற்று. இன்னொரு மெழுகுத் தகட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார்.

"இதைக் கொஞ்சம் கடி."

அவள் தகட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மெழுகு எதுக்கு? நீங்க வாயைத் திறந்து கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

5

முதல் முடிவு: அவள் கடிக்கிறாள். தடம் பொருந்துகிறது. சுங்கான் விவகாரம் தீர்ந்தது; அவள் விவகாரம் அப்படியே கிடக்கிறது.

இரண்டாவது: பொருந்தவில்லை. அடுத்து எதிர்வீடு, மாடிவீடு என்று தகட்டோடு கிளம்புகிறார். (கிளம்பக்கூடியவர்தான். எனக்கு ஆளைத் தெரியும்.)

மூன்றாவது: அவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து—

இவற்றில் எது நடந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. சரியாக அவள் அப்படிக் கேட்ட இடத்தில் பேச்சை நிறுத்திக் கருவியை மாற்றினார். அவளிடம் கேட்டீர்களா இல்லையா என்று கேட்க நான் துடித்தேன். வாய் நிறையப் பஞ்சு. "ஆ, ஆ" என்றுதான் வந்தது.

உடனே கையை எடுத்துவிட்டு, என் முகத்தருகே குனிந்து, அத்தனை பரிவாகக் கேட்டார்.

"வலிக்குதா?"

எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாவது முடிவு பாதியில் நிற்கும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வைப்பதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அதை அவளிடம் கேட்டு அங்கே வைத்திருப்பார் என்று நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.