எஞ்சினைத் திறந்து காட்டுங்க

"எஞ்சினைத் திறந்து காட்டுங்க, மாமா. நான் பாக்கணும்."

சொல்லிவிட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வீட்டிலிருந்து பட்டறை வரைக்கும் அப்பா மூன்று தடவை சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். திறந்து காட்டு என்று ஒரு தொழில்காரனிடம் கேட்பது அவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமமாம்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு இருபது வருட நண்பர், அந்த வழியில் எனக்கு மாமா. கேட்டது நான், பதில் சொன்னது அப்பாவுக்கு.

"என்ன டிரைவரே, பொண்ணு நமக்கே பரீட்சை வைக்குது?"

"படிச்சதுங்க அப்படித்தான் மச்சான். எல்லாம் பேப்பர்ல இருந்தாத்தான் நம்பும்," என்று அப்பா சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வெளியாட்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார், என்னிடம் குறையாகச் சொல்வார்.

முந்தின நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். டொக், டொக், டொக். ஐந்து நிமிடம் தட்டிவிட்டு வண்டி நடுரோட்டில் உயிரை விட்டது. அப்பா போனில் மெக்கானிக்கிடம் சொன்னார். அவர் வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் போச்சு, மாத்தணும், எங்கிட்டயே ஒண்ணு இருக்கு என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். அப்பாவும் உடனே சரி என்றார். ஒரு கிலோ தக்காளிக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற மனுஷன். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது.

நான் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூடம் ஊருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டர், காலையில் பஸ் கிடையாது. பக்கத்திலேயே அறை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டபோது, கல்யாணமாகாத பெண் தனியாகத் தங்குவதா என்று அப்பா இந்தப் பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். இந்தக் கார் ஏற்கெனவே இரண்டு தடவை என்னை வழியில் விட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வராவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் நேற்றே எழுதி அனுப்பிவிட்டார். இன்று சனிக்கிழமை.

"திறந்தா கூலி ஆகும்மா," என்றார் மெக்கானிக், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"ஆகட்டும்."

"நேரமும் ஆகும்."

"நான் எங்கயும் போகல மாமா."

வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்து, முதலில் ஆயிலை வடித்தார். பாதி அளவுகூட வரவில்லை. டிக்கியிலிருந்த என் வேலைப் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து ஆயிலில் கொஞ்சம் பிடித்தேன். வாசல் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக்குள் பொடிப்பொடியாக மின்னியது. உலோகம்.

"என்ன, ஆயிலுக்கும் குடிக்கலாமா கூடாதான்னு சர்டிபிகேட் குடுப்பியா?" என்றார் மெக்கானிக்.

"உங்களுக்கு வேணும்னா தரேன் மாமா."

அடித்தட்டை இறக்கினார். உள்ளே ஆயிலை உறிஞ்சும் வலை தார் மாதிரி அடைத்துக் கிடந்தது. விரலால் வழித்துக் காட்டினார். "பாத்துக்க. இது ஒரு நாள்ல சேந்ததில்ல. மேல ஆயிலே ஏறல. பேரிங் தேஞ்சு, எஞ்சின் இறுகிடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதியாக இல்லை. எஞ்சின் நிஜமாகவே போயிருக்கிறதென்றால் திறக்கச் சொல்லாதே என்று அப்பா ஏன் மூன்று தடவை சொன்னார்?

"ஆயில் ஏறலைன்னா சிவப்பு விளக்கு எரியணுமே மாமா. எனக்கு எரியவே இல்லையே."

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"லைட்டை நான் தொடல," என்றார் அப்பா.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை உளறியதாகத்தான் பழமொழி. இங்கே அப்பனே உளறினார்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பேட்டரி விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது.

"மீட்டரைக் கழட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் அப்பா.

மெக்கானிக் நாலு திருகாணிகளைக் கழற்றி மீட்டரை முன்னால் இழுத்தார். பின்பக்கத்தில் பல்ப் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

அப்பா டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"வாங்கின மறுவாரமே எரிஞ்சுது. காதை வச்சுக் கேட்டேன், எஞ்சின்ல ஒரு சத்தமும் இல்ல. லைட்டுதான் கோளாறுன்னு நெனச்சேன். முப்பது வருஷம் முதலாளி வண்டி ஓட்டியிருக்கேன், லைட்டைப் பாத்தா ஓட்டினேன்? நீ பயந்துக்கிட்டு ரூமுக்குப் போறேன்னு மறுபடி ஆரம்பிப்பே. அதான் எடுத்துட்டேன்."

"நான் அப்பவே சொன்னேன் டிரைவரே, அடித்தட்டை இறக்கிப் பாத்துடலாம்னு," என்றார் மெக்கானிக்.

"உங்களுக்குத் தெரியும். அப்புறம் எங்கிட்ட ஏன் சொல்லல மாமா?"

"வண்டி வாங்கினது அவரு."

"ஓட்டினது நான்."

லாரிகளுக்கு நடுவில் ஆறு மாதம் அந்த வண்டியில் நான் போய் வந்திருக்கிறேன். பாட்டிலை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"சரி, ஆனது ஆச்சு," என்று மெக்கானிக் எழுந்தார். "அந்த எஞ்சினைப் பாத்துடுங்க. நாளைக்கே மாட்டிடறேன். திங்கட்கிழமை பாப்பா ஜம்முனு போகலாம்."

ஐந்து நிமிடம் முன்னால் நான் பாப்பாவாக இல்லை.

பட்டறையின் பின்பக்கம், டிக்கி நசுங்கிய ஒரு கார் நின்றது. பின்னால் இடி வாங்கிய வண்டி, எஞ்சினில் ஒரு கீறல் கிடையாது என்றார். ஸ்டார்ட் செய்தார். அப்பாவுக்கு உயிர் வந்தது. பழைய டிரைவராகப் பானட்டுக்குள் தலையைச் சாய்த்துக் காதை வைத்தார்.

எனக்கு மூன்றடி தள்ளி நிற்கும்போதே கேட்டது. அடியில், மெதுவாக, டொக், டொக். நேற்று நடுரோட்டில் கேட்ட அதே சத்தத்தின் தம்பி. மெக்கானிக் சட்டென்று ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இரைச்சல் சத்தத்தை மூடிவிட்டது.

"தேன் மாதிரி ஓடுது மச்சான்," என்றார் அப்பா நிமிர்ந்து.

"காலை எடுங்க மாமா," என்றேன். எடுத்தார். டொக், டொக்.

"அப்பா, இப்ப என்ன கேக்குது?"

"அதான் சொன்னேனே. சுத்தமா இருக்கு."

வீட்டில் டிவி ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கப்படுகிறது, அம்மா ஏன் எதையும் இரண்டு தடவை சொல்கிறாள் என்று நான் இத்தனை நாள் யோசித்ததில்லை. மெக்கானிக்கைப் பார்த்தேன். அப்பாவின் காது மந்தமானது அவருக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதுதான் கேள்வி.

"உங்களுக்குக் கேக்குதா மாமா?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "பழைய எஞ்சின்னா லேசா இருக்கத்தான் செய்யும்."

"என்ன இருக்கும்?" என்றார் அப்பா.

சத்தம் இருக்கிறது, உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மெக்கானிக் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மனசின் மேலேயும் கோபம்தான் வந்தது.

"எஞ்சின் வேண்டாம் மாமா. என் வண்டியை இரும்பு விலைக்கு எடுத்துக்கங்க. பணத்தை அப்பாகிட்டக் குடுங்க."

"அவசரப்படாதேம்மா. உங்கப்பாவே ஓகேன்னு—"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

அப்பா என் பக்கத்தில் வந்து, இதுவரை எங்கள் வீட்டில் நான் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்: "வண்டி இல்லாம திங்கட்கிழமை எப்படிம்மா போவே?"

"இங்கிருந்து போகப் போறதில்லப்பா. அங்கேயே இருக்கப் போறேன்."

"யார் கூட?"

"கூட வேலை பாக்கற அக்கா கூட. கூடத்துக்கு எதிர்லயே ரூம். நடந்தே போயிடலாம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டியா?"

"கேட்டேன்பா. ஆறு மாசத்துக்கு முன்னாடி. அதுக்குத்தான் நீங்க கார் வாங்கிக் குடுத்தீங்க."

வேலைப் பெட்டியைத் தோளில் மாட்டினேன். காரின் சாவியை மெக்கானிக்கின் மேஜையில் வைத்தேன். அப்பா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸிலேயே சாமான்களோடு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்ல போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த டயர்களைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தேன்.