தொழிற்சாலை வைக்காத பொட்டு

அழகாக இருந்தால் மார்க் குறையும். கென் எனக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான்.

கிழக்கு லண்டனில், டகனத்தில் நான் வேலை செய்த பெயின்ற் கம்பனியில் கென் ஆய்வுகூடப் பொறுப்பாளர். நான் இரசாயனவியல் படித்துவிட்டு நிறம் ஒப்பிடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓர் அமெரிக்கக் கார்க் கழகத்தின் தலைமை நடுவர். 1970ஆம் ஆண்டையொட்டி டெட்ராய்டில் செய்த, பெரிய எஞ்சினும் பெரிய சத்தமும் உள்ள கார்கள். மசில் கார் என்பார்கள். துருப்பிடித்துக் கிடப்பவற்றை ஆட்கள் வாங்கி, வருடக்கணக்காகத் திருத்திப் போட்டிக்குக் கொண்டுவருவார்கள். 1991 கோடையில் பெயின்ற் பார்க்க ஒரு நடுவர் குறைந்தபோது கென் என்னைக் கேட்டார்.

“யாரோடும் பேசத் தேவையில்லை,” என்றார். அதனால் சம்மதித்தேன்.

விதி எளிமையானது. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அன்றைய தொழிலாளி அவசரத்தில் பெயின்றை வழிய விட்டிருந்தால் அந்த வழிசல் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பாகத்தை முடுக்கிச் சரிபார்த்தவர் அடையாளத்துக்குத் தூரிகையால் வைத்த வண்ணப் புள்ளியும் இருக்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் பிழை. தொழிற்சாலை வைக்காத எதுவும் காரில் இருந்தால் முதல் தரம் கிடைக்காது. அதை எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். காலை முதல் முடிவு சொல்லும்வரை எஞ்சினை மூடும் பொனற் திறந்திருக்க வேண்டும். மூடினால் எஞ்சின் பகுதி முழுவதற்கும் பூச்சியம்.

போட்டி வால்தம்ஸ்டோவில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. நான் ஒவ்வொரு காரின் பொனற்றுக்குக் கீழும் தலையை வைத்துக்கொண்டேன். அங்கே யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு கடும்பச்சைக் கார் நின்றது. அதன் பக்கத்தில் மடக்குக் கதிரைகளில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். நடுவில் பிளாஸ்க்கும் அலுமினியத் தாளில் சுற்றிய றோல்ஸும். என் சட்டையின் பெயரட்டையில் ‘பெர்னடெற்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“பெட்டை எந்த நாடு?” என்றார் ஒருவர்.

“மொறீசியஸ் போலை கிடக்கு. மெல்லமாக் கதை, தில்லை.”

“அதுக்கு எங்கடை பாஷை விளங்காது. நீ கையைத் துடைச்சுப்போட்டுக் காரைத் தொடு.”

“நான் ஏன் தொடுறன்? தொழிற்சாலைக்காரன் பெயின்றை வழிய விட்டது ஒருக்கா. நீ அதே மாதிரி வழிய விடுறதுக்கு மூண்டுதரம் அடிச்சனி. ஒருத்தன்ரை பிழையைப் பாத்து எழுதினா பள்ளிக்கூடத்திலை அடி விழும். இஞ்சை பரிசாம்.”

நான் பொனற்றுக்குக் கீழே சிரித்துவிட்டேன்.

இருவரும் எழும்பிவிட்டார்கள். “பிள்ளை தமிழோ?”

“ஓம்,” என்றேன். முகம் சுட்டது.

காருக்குச் சொந்தக்காரர் தில்லையம்பலம். குட்மேய்ஸில் வீடு. கவுன்சிலில் வரைபடப் பிரிவில் வேலை. அதனால்தானோ என்னவோ, அந்தக் காரில் எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. மற்றவர் ஸ்ரீஸ்கந்தராஜா, அவருடைய சிநேகிதர். காரில் ஆர்வம் இல்லை. சாப்பாட்டைத் தூக்கி வருகிறவர்.

நான் திரும்பக் குனிந்தேன். வழிசல் சரி. கீழ்விளிம்பில் கறுப்புப் பெயின்ற் சிதறியிருந்தது, அதுவும் சரி. பிறகு எஞ்சினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தகட்டில், பற்றரிக்கு மேலே, அதைக் கண்டேன். மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் சிவப்பு. மேலே மெல்லிய வாணிஷ் பூசியிருந்தது. வாணிஷ் பட்டதில் சிவப்பின் ஓரம் மஞ்சளுக்குள் கொஞ்சம் கசிந்திருந்தது.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். புது வாகனம் வந்தால் எங்கள் வீட்டில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். ஆனால் பக்கத்து வீட்டு வாகனங்களில் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். சந்தனமும் குங்குமமும். வட்டம் ஒரு பக்கம் நீண்டிருந்தது. மோதிர விரலால் வைத்து மேலே இழுத்தது.

நான் தலையைத் தூக்கமுதல் கென் பக்கத்தில் வந்துவிட்டார். ரோச் லைற்றை அடித்துப் பார்த்தார். பிறகு மற்ற நடுவர்களைக் கூப்பிட்டார்.

“இரட்டைப் புள்ளி! இரண்டு பேர் சரிபார்த்திருக்கிறார்கள். மஞ்சள் வைத்தவன் ஒருவன், அதற்கு மேல் சிவப்பு வைத்தவன் இன்னொருவன். இருபது வருடத்தில் நான் இதைக் கண்டதில்லை.”

படம் எடுத்தார்கள். யாரோ அளவுகோலைப் பக்கத்தில் பிடித்தார்கள்.

“கென், அது பெயின்ற் இல்லை என்று நினைக்கிறேன்,” என்றேன்.

“எல்லாம் பெயின்ற்தான், கண்ணே,” என்றார் அவர், கமெராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்கள் அடுத்த காருக்குப் போன பிறகு தில்லையம்பலம் எனக்குக் கிட்ட வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“பிள்ளைக்குத் தெரியும், என்ன?”

“தெரியும், அங்கிள்.”

“என்ரை மனுசி வைச்சது.”

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். எஞ்சின் பகுதி பெயின்ற் அடித்து முடிந்த அன்று கலாவதி அன்ரி சந்தனக் கிண்ணத்தோடு கராஜுக்கு வந்திருக்கிறார். பொனற்றுக்கு மேலே வைக்கப் போனவரை இவர் தடுத்திருக்கிறார். மார்க் போய்விடும், வைக்காதே என்று. புது வாகனத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படி ஓடுவது என்று அவர். சத்தம் கூடியிருக்கிறது. கடைசியில் இவர், ஒருத்தருடைய கண்ணிலும் படாத இடத்தில் வை, போட்டிக்கு முதல் நீயே துடைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“‘உங்கடை ரண்டாம் பெண்சாதிக்கு நான் பொட்டும் வைச்சு அழிக்கவும் வேணுமோ’ எண்டு கேட்டவள். மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் வைச்சவள்.” அவர் தகட்டைப் பார்த்தபடி நின்றார். “தை மாதம் செத்துப்போனாள். இரத்த அழுத்தம். நான் துடைக்கத் துணியோடை போனன். ஏலாமல் போச்சு. பிறகு உதிரப்போகுதெண்டு வாணிஷ் அடிச்சன்.”

“கென்னிடம் சொல்லவேணும், அங்கிள்.”

“சொன்னா அழிக்கச் சொல்லுவினம். விடுங்கோ, பிள்ளை. அவையள் தாங்களா நினைக்கினம். நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை.”

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு றோல்ஸை என் கையில் வைத்தார். “சாப்பிடும், தங்கச்சி. கலாவதி இருந்தா இண்டைக்குச் சிரிச்சே செத்திருப்பா.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. பிளாஸ்க்கைத் திறந்து மூடினார்.

அன்று பச்சைக் காருக்கு முதல் தரம் கிடைத்தது. தில்லையம்பலம் பரிசுக் கிண்ணத்தை வாங்கிக் காருக்குள் வைத்துவிட்டு, பொனற்றுக்கு முன்னால் போய் நின்றார். பொட்டு இருந்தது. அவருக்கு இரண்டும் கிடைத்திருந்தன.

குளிர்காலத்தில் கழகத்தின் சஞ்சிகையில் அந்தப் படம் நிறத்தில் வந்தது. தொழிற்சாலையின் இரட்டைப் புள்ளி என்று கென் ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஆய்வுகூடத்தில் எனக்கும் ஒரு பிரதி தந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லவேண்டியவரின் விஷயம் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் அதே மைதானம். காலையிலேயே நல்ல வெயில். அதே இனத்துக் கார்கள் இன்னும் மூன்று வந்திருந்தன: ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. மூன்றின் பின்தகட்டிலும், பற்றரிக்கு மேலே, மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்பும் இருந்தன. எனமல் பெயின்ற். ஒரு பக்கம் நீண்டிருந்ததைக்கூட விடவில்லை. நீலக் காரின் சொந்தக்காரர், படத்தைப் பார்த்து அந்த இழுப்பைச் சரியாகக் கொண்டுவரப் பல நாள் பழகியதாகச் சொன்னார்.

தில்லையம்பலம் ஒவ்வொரு காராகப் போய்ப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

கென் பச்சைக் காருக்கு வந்தார். சஞ்சிகையின் படத்தைத் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். நானும் பார்த்தேன். போன வருடத்துச் சிவப்பு இப்போது தேயிலைக் கறைபோல் இருந்தது. மஞ்சள் வெளிறி, ஓரம் எது நடு எது என்று தெரியாமல் கிடந்தது.

“இதை ஏன் தொட்டீர்கள்?” என்றார் கென். கோபமாக அல்ல, கவலையாக. “போன வருடம் அசலாக இருந்தது. இப்போது நிறம் பிழை. மஞ்சள் காரைப் போய்ப் பாருங்கள், அது சரி. மன்னிக்கவேண்டும், மார்க்கைக் குறைக்கிறேன்.”

தில்லையம்பலம் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“அது தொழிற்சாலை வைத்ததல்ல. என் மனைவியின் விரல். நாங்கள் வாகனத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அவள் இறந்துவிட்டாள். அந்த மூன்று கார்களிலும் இருப்பதும் அவளுடைய விரல்தான்.”

கென் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சிவந்த நெற்றி வேர்த்திருந்தது.

“எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது,” என்றார். பிறகு, “ஆனால் நான் என்ன செய்யமுடியும்? தொழிற்சாலை வைக்காதது என்று இப்போது எனக்குத் தெரியும். நான்கு கார்களுக்கும் ஒரே விதி. பின்னேரத்துக்குள் துடைத்துவிட்டால் முழு மார்க்கும் தருவேன். துடைத்ததைப் பெர்னடெற் வந்து பார்ப்பாள்.”

செய்தி வரிசை முழுக்கப் போனது. யாரோ பெயின்றைக் கரைக்கும் தின்னர்ப் போத்தல் ஒன்றைக் கைமாற்றினார்கள். மஞ்சள் காரில் துடைத்தார்கள், பிறகு நீலத்தில், பிறகு வெள்ளையில். நல்ல மனிதர்கள்; ஒருவரும் சிரிக்கவில்லை. நீலக் காரின் சொந்தக்காரர் துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமல் இருந்தார். கடைசியில் போத்தல் பச்சைக் காரின் பம்பரில் வந்து நின்றது. பக்கத்தில் சுத்தமான ஒரு துணி.

தில்லையம்பலம் கதிரையில் இருந்தபடி போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துடைச்சா என்ன, தில்லை?” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “அவளே துடைக்கிறதெண்டுதானே வைச்சது. அந்தப் பேச்சை நீ காப்பாத்தினதா இருக்கும்.”

“வாயைப் பொத்து, ஸ்ரீ.”

நான் அங்கே நிற்கவேண்டியிருந்தது. துடைத்ததைப் பார்ப்பது என் வேலை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புல்லைப் பார்த்தேன்.

“பிள்ளை இதுதானே படிச்சனீங்கள்,” என்றார் தில்லையம்பலம். “உது ஏன் இப்பிடி வெளிறுது? வாணிஷ் பிழையோ?”

“வாணிஷ் இல்லை, அங்கிள். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும். மஞ்சளின்ரை நிறம் வெளிச்சத்துக்கு நிக்காது, பொனற் திறக்கத் திறக்கப் போகும்.”

“திரும்ப வைச்சா?”

திரும்ப வைத்தால் அது யாருடைய விரல்?

“அப்ப, வெளிச்சம் படாட்டி?”

“படாட்டி இருக்கும். இப்ப இருக்கிற மாதிரி இருக்கும். போனது திரும்பி வராது.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“தெரியாது, அங்கிள். கன காலத்துக்கு.”

அவர் எழும்பினார். போத்தலை எடுத்தார். தில்லையம்பலம் போத்தலின் மூடியை இறுக்கிப் பூட்டி, துணியையும் சேர்த்து, நீலக் காரின் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு பொனற்றுக்குக் கீழே குனிந்தார். வெளிறிய அந்த இடத்தின் மேல் விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை.

“மூஞ்சையை நீட்டிக்கொண்டு வைச்சவள்,” என்றார்.

பொனற்றைத் தாங்கியிருந்த கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கினார். கடைசியில் உள்ளங்கையால் ஒரு அழுத்து. பூட்டு விழுந்த சத்தம் மைதானத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வரிசையில் மற்றப் பொனற்றுகள் எல்லாம் திறந்திருந்தன.

கென் தூரத்தில் நின்று பார்த்தார். வரவில்லை.

நான் நடுவர் தாளை எடுத்தேன். எஞ்சின் பகுதிக்குக் கீழே பெயின்ற், வழிசல், சிதறல், புள்ளிகள் என்று கட்டங்கள் இருந்தன. காலையில் முதல் மூன்றுக்கும் முழு மார்க் போட்டிருந்தேன். அவற்றை வெட்டினேன். மூடிய பொனற்றுக்கு விதிப்படி பூச்சியம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறுதலாக, வட்டமாகப் பூச்சியம் போட்டேன்.

தில்லையம்பலம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் போட்டாச்சோ, பிள்ளை?”

“ஓம், அங்கிள்.”

“ஒண்டும் விடாதேங்கோ,” என்றார். முடிவு சொல்லமுதல் கதிரைகளை மடித்துக் காரில் வைத்தார்கள். கார் என்னைக் கடந்து போனபோது எஞ்சினின் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கும் வேறொரு நடுவரின் தாளில் முழு மார்க் இருந்தது. அதை நான் பார்ப்பதில்லை.