பெல்ட் போட்ட பலாப்பழம்

உலகத்திலேயே முதன்முதலாக பெல்ட் போட்டுக்கொண்டு மலை ஏறிய பலாப்பழம் என்னுடைய ஜீப்பில்தான் ஏறியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பிள்ளைகளைக் காரில் எப்படி உட்கார வைப்பது என்று வெள்ளைக்காரர்கள் கோட்டு சூட்டு போட்டுக் கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருந்த எழுபத்தாறாம் வருஷத்தில், போடிக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் அதை ஒரே மத்தியானத்தில் தீர்த்து வைத்தேன். சாட்சிக்கு ஓர் ஏட்டையாகூட இருந்தார். முக்கியமான நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். குழப்பமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அப்போது நான் ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் ஜீப் டிரைவர். ஜீப் என்றால் கதவு கிடையாது. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. கடைசியில் இருக்க வேண்டிய அடைப்புப் பலகை நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மலைச்சாலையோ, வண்டியின் மூக்கு தன் வாலையே மோந்து பார்க்கும் அளவுக்கு வளையும். மகள் ஞானசெல்விக்கு ஞானஸ்நானம் முடிந்து திரும்பி ஏறும்போது ஒரு வளைவில் பிள்ளை என் பெண்டாட்டி ரோசம்மாளின் மடியிலிருந்து வழுக்கி, தரையில் உருண்டு, வண்டியின் விளிம்பு வரை போய்விட்டது. அங்கே கிடந்த ஒரு மூட்டைதான் தடுத்து நிறுத்தியது. ரோசம்மாள் கத்தவில்லை. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினவள், அப்படியே தேனிக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். “புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வாறேன். இல்லைன்னா மலையில நீங்களே கஞ்சி காச்சிக் குடிங்க.”

காய்ச்சினேன். நான் காய்ச்சிய கஞ்சியை எஸ்டேட் நாய் மோந்து பார்த்துவிட்டு வேறு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒரு சின்ன மர நாற்காலியை வாங்கி, காலை அறுத்து, பெஞ்சுக்கு முன்னால் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். பழைய பட்டாளத்துப் பை ஒன்றிலிருந்து பட்டையான வார் இரண்டு எடுத்து, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. சுற்றிலும் மெத்தென்று இருக்கட்டும் என்று போடி இலவம்பஞ்சைத் திணித்துத் திணித்துத் தைத்தேன். ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட அப்படியொரு சிம்மாசனம் இருந்திருக்காது.

ஜீப்பைத் தேனிக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். ரோசம்மாள் நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள், வாரை இழுத்துப் பார்த்தாள், ஏறிவிட்டாள். கூடவே அவளுடைய அண்ணன் பிலவேந்திரனும் ஏறினார். தங்கச்சியைக் கொண்டுவிடுவது சாக்கு. என்னைக் கிண்டல் பண்ணுவதுதான் வேலை. “ஏன் மாப்ள, கன்னுக்குட்டியா கட்டி வைக்க? நாங்கல்லாம் மடியில வளரலியா?”

பாதி மலையில் சோதனைச் சாவடி. அரிசி கேரளாவுக்குப் போகக்கூடாது என்று கெடுபிடி இருந்த காலம் அது. தலையணைக்குள்ளும் பாவாடைக்குள்ளும் அரிசியை வைத்துத் தைத்துக்கொண்டு போவார்கள். ஏட்டையா நாற்காலியைப் பார்த்தார். உப்பலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“புள்ளைய மேல உக்கார வச்சா நாங்க தொட மாட்டோம்னு நெனப்பு, என்ன?”

ரோசம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். ஏட்டையா அரிசி மூட்டை குத்தும் ஊசியை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பஞ்சு கிளம்பியது பாருங்கள்! மலையே வெள்ளையாகிவிட்டது. ஏட்டையாவின் கருமீசை ஒரே நொடியில் நரைத்துப்போனது. காக்கைகள் கொக்கென்று நினைத்து ஒன்றையொன்று துரத்தின.

தும்மி முடித்ததும் அவருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. “அரிசி இல்ல, சரி. ஆனா புள்ளையக் கட்டிக் கொண்டு போறீகளே, அது எந்தச் சட்டத்துல இருக்கு?”

“கட்டக்கூடாதுன்னு எதுல இருக்கு ஏட்டையா?”

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். கட்டினால் குற்றமா, கட்டாவிட்டால் குற்றமா? நாற்காலி என்பது சீட்டா, சாமானா? சீட்டு என்றால் கூடுதல் ஆள் கணக்கா? அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எனக்குத் தொப்பி இல்லாததால் சும்மா சொறிந்தேன். கடைசியில், “நாற்காலி போகட்டும். வார மட்டும் அவுத்துருங்க. நாளைக்கி எவனாச்சும் புள்ளையச் சித்திரவதை பண்ண விட்டேன்னு எழுதிப் போடுவான்” என்றார்.

“அதச் சொல்லுங்க” என்றார் பிலவேந்திரன்.

ரோசம்மாள் சாவடிக்குப் பக்கத்திலிருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்தால் மலை நகர்ந்தாலும் நகரும், அவள் நகர மாட்டாள். எனக்கு மறுபடியும் கஞ்சி வாசம் அடித்தது.

பக்கத்தில் மொக்கம்மாள் என்ற அம்மாள் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மூளையில் மின்னல் வெட்டியது. பிள்ளை எடையில் இரண்டு பழம் வாங்கினேன். ஒன்றை நாற்காலியில் வைத்து வார் போட்டேன். இன்னொன்றை மச்சான் மடியில் வைத்தேன். “புள்ளைன்னு நெனச்சுப் பிடிச்சுக்கங்க. அடுத்த வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம். ஏட்டையா பாக்கட்டும்.”

ஏட்டையா முன்னால் ஏறினார். வளைவில் திரும்பும்போது மேலேயிருந்து மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. ஒடித்தேன், பிரேக்கை மிதித்தேன், மறுபடியும் ஏற்றினேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம்; அடுத்து, அதைவிடப் பெரிய தொம். வண்டியை நிறுத்தித் திரும்பினேன். நாற்காலிப் பழம் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுப் பையன்போல உட்கார்ந்திருந்தது. மடிப் பழத்தைக் காணோம். மடியையும் காணோம். ஏட்டையா அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

சாலையோரப் புதரிலிருந்து பிலவேந்திரன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“விழுந்தியா, எறங்குனியா?” என்றார் ஏட்டையா.

“எறங்குனேன். பஞ்சு மூக்குல ஏறித் தும்மல் வந்துச்சு, கைய எடுத்தேன், பழம் உருண்டுருச்சு. அத எடுக்க எறங்குனேன். கையெடுக்காம இருந்திருந்தா அது எங்க போகப் போகுது?”

பழம் பள்ளத்தில் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கலாம். நான் சாலையைப் பார்த்தேனே ஒழிய பின்னால் பார்க்கவில்லை. ஏட்டையா எதையுமே பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் இப்படிச் சொன்னால் நான் என்ன பேச முடியும்?

சாவடிக்குத் திரும்பினோம். ஏட்டையா நிம்மதியாகச் சொன்னார்: “மடியே போதும்மா. ஒங்க அண்ணனே சொல்றாரு. வார அவுத்துட்டுப் போங்க.”

ரோசம்மாள் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கீழே போகிற பஸ் எப்போது வரும் என்று மொக்கம்மாளிடம் கேட்டாள். இரண்டடி நடந்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பிள்ளையை அண்ணன் முன்னால் நீட்டினாள்.

“நா கீழ போகல அண்ணே. நீயே மடியில வச்சுக் கொண்டாந்துரு. எஸ்டேட் வரைக்கும். வாரு வேணாம்.”

பிலவேந்திரன் சிரித்துக்கொண்டுதான் கையை நீட்டினார். ஞானசெல்வி தாவினாள். அவள் அக்குளைத் தொட்டவர், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். பாதியில் நின்றது. அந்த இரண்டு உள்ளங்கையிலும், முழங்கை வரைக்கும், பலாமுள் அழுந்திப் புள்ளி புள்ளியாக ரத்தம் கன்றிப் போயிருந்தது.

“பிடி அண்ணே.”

அவர் ஏட்டையாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“தும்மல் ஒண்ணும் வரல ஆத்தா. இந்தா பாரு, உசுரக் குடுத்துப் பிடிச்சிருந்தேன். பிடிச்சிருக்கும்போதே போயிருச்சு. நானும் விழுந்தேன்.”