வெயில் பக்கம், சாரல் பக்கம்

எங்கள் வண்டியைத் தகரடப்பா என்று சொன்ன எவனோடும் நான் அதற்குப்பின் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த எஞ்சினைப் பற்றிப் பேசும்போது என்னிடம் அடக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் போகும் பெட்ரோல் பஸ் அது. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி பட்டாளத்து ஏலத்தில் எஞ்சினும் சட்டமும் எடுத்து, மேலே கூடு கட்டி, நெற்றியில் குற்றாலத்து அம்மன் பெயரை எழுதி வைத்தார்: ஸ்ரீ குழல்வாய்மொழி. சனங்களுக்கு அது அம்மன் வண்டி. பிச்சைமணியாகிய நான் அதன் டிரைவர்.

ஆரம்பத்தில் புளியரை தாண்டி மலை ஏறும்போது முதல் வளைவிலேயே வண்டி இளைத்துவிடும். ஆட்கள் இறங்கி நடந்து, மேலே வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் எடுத்து ஆரியங்காவில் விற்கும் முப்பிடாதியம்மாள், "டிக்கெட்டு வண்டிக்கு எடுத்தேனா, என் காலுக்கு எடுத்தேனா?" என்று கேட்காத நாள் கிடையாது. நான் தலையைக் குனிந்துகொண்டு கியரை மாற்றுவேன்.

அந்தத் தலைகுனிவைத் தீர்த்தவன் மசூது. தென்காசியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவன் ஒர்க்‌ஷாப். என் வயசுக்காரன், என்னோடு குளத்தில் குதித்தவன், திமிர் பிடித்தவன். அந்தத் திமிர் அவன் கைக்குத் தகும்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்ப்பரேட்டர். அந்தக் கலவையை ஆறு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோவது ஒரு வார்ப்புக் குழாய், மேனிஃபோல்ட் என்பார்கள். எங்கள் மேனிஃபோல்டின் உள்பக்கம் பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. மசூது அதை அரம் போட்டுத் தேய்த்து, வாய்களை அகலப்படுத்தி, விரல் வழுக்குகிற மாதிரி ஆக்கினான். லாரி ஒன்றின் பெரிய கார்ப்பரேட்டரை அதன்மேல் உட்கார வைத்தான். குழாயின் அடிவயிற்றில், எஞ்சின் புகையின் சூடு வந்து தொடுவதற்கென்று ஒரு வழி இருந்தது. அதைத் தகடு வைத்து அடைத்தான்.

"அது எதுக்கோ வச்சிருக்கான்லா? அடைச்சுட்டியே" என்றேன்.

"தென்காசி வெயில்ல இதுக்கு எதுக்குலே அடுப்பு? குளுந்த காத்துதான் கனத்த காத்து. அதுதான் இழுவை குடுக்கும்."

சித்திரை வெயிலில், கூரைமேல் காய்மூட்டையும் உள்ளே ஆளுமாகப் பிதுங்கிக்கொண்டு, அம்மன் வண்டி அந்த வளைவில் ஏறியது. ஒருவர்கூட இறங்கவில்லை. வழக்கம்போல் எழுந்து நின்ற முப்பிடாதியம்மாளிடம், "இரிங்க ஆச்சி, இனி ஒங்க காலுக்கு லீவு" என்றேன். மேலே போய் நிறுத்திவிட்டு, வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வருஷம் ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. கூடவே எங்கள் மானமும் விழுந்தது. குற்றாலம் தாண்டி, வயல்களுக்கு நடுவே சமதரையில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமும், முனகும், நின்றுவிடும். ஏற்றத்தில் நின்றாலாவது நியாயம் உண்டு. சமதரையில் நின்றால் என்ன சொல்வது? மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒவ்வொரு நாளும் இதே கூத்து.

நம்மூரில் வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றான் ஒருவன். அம்மன் பெயரை வைத்துக்கொண்டு பீடி குடிக்கிறான் டிரைவர், நிற்காமல் என்ன செய்யும் என்றான் இன்னொருவன். வெயில் காலத்தில் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பு சூடேறி அடைத்துக்கொண்டால் ஈரச்சாக்கைச் சுற்றுவது இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாருக்கும் கைவந்த வழக்கம். அதனால் ஆளாளுக்கு, "ஈரச்சாக்கப் போடு" என்றார்கள். கார்ப்பரேட்டரையும் சேர்த்துச் சுற்றினேன். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மசூதின் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நின்றுகொண்டு பேசினார்.

"வெள்ளிக்கிழம மதுரையிலேருந்து ஒரு ஏவாரி வண்டி பாக்க வாராரு. நானும் அவரும் ஆரியங்காவு வரைக்கும் வாரோம். வண்டி வழியில நின்னுச்சுன்னா அங்கனயே பேசி முடிச்சிருவேன். டீசல் வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எம் மருமவன் ஓட்டுவான்."

என்னை அவர் பார்க்கவே இல்லை. வண்டி போனால் நானும் போனேன் என்பது அதற்கு அர்த்தம். அவர் தலை மறைந்ததும் மசூதிடம் பாய்ந்தேன்.

"ஒங்கிட்ட வேற பழைய குழாய் ஒண்ணு கெடக்குல்லா, சூட்டு வழியோட? அதையே மாட்டிருலே. ஆளுவ எறங்கி நடந்தா நடந்துட்டுப் போறாவ. எனக்கு வண்டி வேணும்."

"நான் தேச்ச குழாயக் கழத்த மாட்டேன்."

"ஒன் வீம்புக்கு எம் பொழப்பாலே கெடச்சுது? போன வருசச் சாரல்ல இந்த வண்டி ஒரு நாளாவது நின்னுச்சா? சொல்லு."

அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். பிறகு, "நாளைக்கு நான் வண்டில வாரேன். உள்ள இல்ல, வெளிய" என்றான்.

புதன்கிழமை அவன் வந்த கோலத்தை ஊர் இன்றைக்கும் சொல்லும். எஞ்சின் மூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, முன்சக்கரத்து மட்கார்டின்மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டான். குற்றாலம் வந்ததும் சாரல் அவன் முகத்தில் அடித்தது. "மாப்பிள்ள ஊர்வலம் எங்கயோ?" என்று ரோட்டில் போனவர்கள் கேட்டார்கள். அவன் எஞ்சினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வயல்வெளி வந்தது. எஞ்சின் இருமியது. நின்றது.

"ஏலே பிச்சமணி, ஓடியா. எறங்கி ஓடியா. கைய வையி."

"சுடும்லே."

"வையிலே."

வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, கார்ப்பரேட்டரின் கழுத்து மட்டும் விறைத்துப் போகிற குளிர்ச்சி. அதன் அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை ஸ்டேஷனுக்கு மீன்பெட்டி வந்து இறங்கும்போது பெட்டிக்குள் இருக்குமே, அதே வெள்ளை.

"ஐஸுலே" என்றான் மசூது. மழையில் நனைந்த முகத்தோடு சிரித்தான். "பெட்ரோலக் கைல ஊத்துனா சில்லுன்னு இருக்கும்லா? அந்தக் குளிர்ச்சி இந்த ஈரக்காத்தப் புடிச்சு உள்ளுக்குள்ள ஐஸா கட்டி, கழுத்த அடைச்சிருது. நாம மூடியத் திறந்து மூக்கச் சொறியதுக்குள்ள உருகிப் போவுது. ஈரச்சாக்கு வேற சுத்துனியே மவராசா."

"அப்பம் சூட்டு வழிய அடைச்சதுதான் வெனையாப் போச்சு."

"வெயிலுக்கு அடைச்சது வெயிலுக்குச் சரி. நம்ம வண்டி ஒரே பயணத்துல வெயில்லயும் ஓடுது, சாரல்லயும் ஓடுது. தென்காசில மண்ட பொளக்கும், குத்தாலத்துல குளுரும். ரெண்டுக்கும் நான் செய்யலன்னா எம் பேரு மசூது இல்ல."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மலையில் இழுவை குறையும், ஆட்கள் நடக்க வேண்டும். அது மசூதுக்குத் தோல்வி. யோசித்துப் பார்த்தால் எனக்கும்தான்.

வியாழக்கிழமை வண்டி ஓடவில்லை. சூட்டு வழியை அடைத்திருந்த தகட்டுக்குப் பதிலாக, அச்சில் திரும்புகிற கதவு ஒன்றை வைத்தான் மசூது. புகைச்சூடு தாங்குகிற நல்ல இரும்புக்கு எங்கெங்கோ தேடி, கடைசியில் வீட்டுத் தோசைக்கல்லை எடுத்து வந்து வெட்டிவிட்டான். அவன் மனைவி ஜாஹிரா பீவி வாசல்வரை வந்து, "அண்ணே, இனி பசிச்சா ஒங்க வண்டில வந்துதான் தோச கேக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கதவிலிருந்து ஒரு கம்பியை என் காலடிப் பலகை வழியாக இழுத்து, ஸ்டீரிங் பக்கத்தில் கைப்பிடி வைத்தான். ஒரு பக்கம் ‘வெயில்’ என்றும் மறுபக்கம் ‘சாரல்’ என்றும் உளியால் கொத்தினான். சாரல் பக்கம் திருப்பினால் சூட்டு வழி திறக்கும், வெயில் பக்கம் தள்ளினால் மூடும். எழுத்து கோணலாக இருந்தது. வேலையில் கோணல் இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியும் மதுரை வியாபாரியும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மசூது அவர்களுக்குப் பின்னால். வண்டி நிறைய ஆள், கூரை நிறையக் கத்தரிக்காய். தென்காசி வெயிலில் கிளம்பினோம். குற்றாலத்தில் முதல் துளி கண்ணாடியில் விழுந்ததும் கைப்பிடியைச் சாரல் பக்கம் திருப்பினேன். வயல்வெளி வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் முப்பிடாதியம்மாள் கும்பிட்டபடி இருந்தாள். எஞ்சின் இருமவே இல்லை. செங்கோட்டை போயிற்று, புளியரை போயிற்று.

மலையடிவாரத்தில் சாரல் விட்டது, மரங்களுக்கு மேலே வெயில் தெரிந்தது. கைப்பிடியை வெயில் பக்கம் தள்ளினேன். எஞ்சின் மூச்சை இழுத்துக்கொள்வது என் பாதத்தில் தெரிந்தது. வளைவில் முப்பிடாதியம்மாள் எழுந்துகொள்ளவில்லை. ஆரியங்காவில் இறங்கி மசூதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சுல்தான் மாதிரி.

வினை வந்தது அப்புறம்தான். வண்டி நின்றிருந்தால் வியாபாரி யோசித்திருப்பார். நிற்காமல் ஏறிய வண்டியை அவர் கண்ணாலேயே தின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் போய், "சொன்ன விலைக்கு மேலேயே தர்றேங்க. இன்னைக்கே முடிச்சுருவோம்" என்றார்.

நாங்கள் நன்றாகச் செய்ததே எங்களுக்கு எமனாகிவிட்டதே என்று நினைத்தேன்.

"ஒங்க ஊர்ல சாரல் உண்டா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"மதுரையில ஏதுங்க சாரல்?"

"அப்பம் அந்தக் கைப்பிடிய என்ன செய்வீய?"

"வெயில் பக்கமே விட்டுர வேண்டியதுதான்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "பாதி எஞ்சின ஓட்டுதவருக்கு முழு எஞ்சினக் குடுக்க மாட்டேன். இது எங்க ஊருக்குன்னு செஞ்சது. நீங்க மத்தியானம் ரயில்ல போயிருங்க."

திரும்பி வரும்போது அண்ணாச்சி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குற்றாலம் தாண்டி, மேகம் கிழிந்து, தென்காசி வெயில் முகத்தில் அடித்தது. நான் கைப்பிடிக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் கை முந்திக்கொண்டது. கொத்திய எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, வெயில் பக்கம் திருப்பிவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டார்.

"சரியா திரும்பிருக்கா மசூது?" என்று மட்டும் கேட்டார்.