படிக்கட்டு வளைவில் ஒரு கேமரா

குன்னூர் பஜாரிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு ஏறி வரும் படிக்கட்டு பாதி வழியில் வலப்புறமாக வளைகிறது. ஒருபுறம் என் வீட்டுத் தோட்டச் சுவர், மறுபுறம் தேயிலைச் சரிவு. அந்த வளைவில் காட்டெருமை நின்றால் மேலிருந்து இறங்குபவருக்குத் தெரியாது. எதிரே போய் நின்ற பிறகுதான் தெரியும்.

சென்ற பனிக்காலத்தில் எங்கள் அண்டை வீட்டு அம்சவேணி அப்படித்தான் போய் நின்றார். தேயிலை பேக்டரியில் காலை ஷிப்டுக்குப் புறப்பட்டவர் அவர். காட்டெருமை அவரை ஒன்றும் செய்யவில்லை. தலையை ஒரு முறை உலுக்கியது, அவ்வளவுதான். பின்வாங்கிய அம்சவேணி படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. அந்த வளைவைக் கடக்கும் துணிவுதான் அவருக்குத் திரும்பி வரவில்லை. மாத இறுதிக்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வதாக பேக்டரியில் சொல்லிவிட்டார்கள்.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கலையை ஓய்வு நேரத்தில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தமிழ்ப் பாடங்களிலிருந்து பயின்றுவந்தேன். அதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஃபரீத் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் இதே பைத்தியம்தான். கண்ணாடி உடைந்த பழைய போன்களைக் கேமராவாக மாற்றுவார். சின்னஞ்சிறு மோட்டார்களைக் கோவையிலிருந்து பஸ்ஸில் வரவழைப்பார்.

“அக்கா, நாய்க்குட்டி, பூனைக்குட்டின்னு படத்தை வச்சுப் பழகுனது போதுமுங்க. காட்டு மாட்டைப் பார்த்தா மணியடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு அம்சவேணி அக்கா ஊட்டுல வெச்சரலாமுங்களா?” என்று அவர்தான் கேட்டார்.

என்னால் இயலுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆயினும் சம்மதித்தேன்.

இயந்திரத்துக்குக் காட்டெருமையைக் கற்றுக்கொடுக்க நிறையப் படங்கள் வேண்டும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மிகுந்த பணிவுடன் ஒரு வேண்டுகோள் வைத்தேன். படங்கள் வந்து குவிந்தன. காட்டெருமை இல்லாத படங்களும் வேண்டுமே என்று, ஃபரீத் பகல் வேளைகளில் வெறும் படிகளையும் பாதைகளையும் சுற்றிச் சுற்றி எடுத்தார். இவ்விரண்டு வகையையும் காட்டிப் பழக்கினோம். கடையில் சோதித்தபோது இயந்திரம் அநேகமாகத் தவறே செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தோட்டச் சுவரில் குழாய் ஒன்றை நட்டு, வளைவைப் பார்த்தபடி பழைய போனைப் பொருத்தினோம். அம்சவேணியின் வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதைத் தட்ட மோட்டாரில் கட்டிய கரண்டி. இணைப்பைக் கொடுத்ததும் கரண்டி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அம்சவேணி உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

என் தோட்டச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். வளைவு வெறுமையாக இருந்தது.

ஃபரீத் இறங்கிச் சென்று நாலாபுறமும் பார்த்தார். வளைவுக்கு அப்பால் உள்ள வீட்டின் இரும்புக் கம்பிக் கேட்டை, ஏதோ தோன்றியவராய், உட்புறமாகத் திறந்தார். மணி நின்றது. சாத்தினார். மணி அடித்தது.

“அக்கா! கேட்டைச் சாத்துனா மாடு வருது, தொறந்தா போயிருது!” என்று கீழிருந்து கூவினார்.

அவர் கேட்டைத் திறந்து வைத்திருந்த அந்த வேளையில், தேயிலைக்குள்ளிருந்து மெய்யான காட்டெருமை ஒன்று படியில் ஏறி நின்றது. கரண்டி அசையவில்லை. நான் கையை வீசினேன். ஃபரீத் திரும்பிப் பார்த்தார். மறுகணம் அந்தக் கேட்டுக்குள் பாய்ந்து சாத்திக்கொண்டார். அது சாத்தப்பட்டதும் மணி ஊரே கேட்கும்படி அடித்தது.

காட்டெருமை மெதுவாக மேலேறிச் சென்ற பிறகு, அம்சவேணி ஜன்னலைத் திறந்தார்.

“பாய், உங்க மிஷினு கேட்டைக் கண்டுதான் பயப்படுது. எனக்கு மாட்டைக் கண்டுதானுங்க பயம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “உடுங்க உமாக்கா. வேலையை விட்டர்றேன்னு நாளைக்கே சொல்லிப்போடறேன்” என்றார்.

“மாதம் முடியட்டும், அம்சவேணி. அதுவரை தயவுசெய்து ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்று கேட்டுக்கொண்டேன். எந்த நம்பிக்கையில் கேட்டேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

இணையத்தில் எங்களைப் போன்ற ஆர்வலர்கள் கூடும் குழு ஒன்று உண்டு. அதுவரை அங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்ததோடு சரி. அன்று முதன்முறையாக, அடித்தும் திருத்தியும், நடந்ததை எழுதினேன். நகைப்பார்கள் என்று அஞ்சினேன். முகமறியா ஒருவர் மதுரையிலிருந்து இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார்: ‘எருமைப் படங்கள் எல்லாவற்றிலும் எருமையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதைத்தான் உங்கள் இயந்திரம் கற்றிருக்கும்.’

மறுநாள் மாலை ஃபரீதின் கடையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். அவர்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“கம்பிங்க அக்கா! பூராவும் ஜன்னல் கம்பி!”

ஆம். காட்டெருமை வந்தால் எங்கள் ஊரில் யாரும் வெளியே நிற்பதில்லை. வீட்டுக்குள் ஓடி, ஜன்னல் வழியாகத்தான் படமெடுப்போம். ஒரு படத்தில் கம்பிக்குக் குறுக்கே துணி காய்ந்தது. இன்னொன்றில் இரு கம்பிகளுக்கு நடுவே கொம்பு தெரிந்தது. ஃபரீத் எடுத்த வெறும் படிகளின் படங்களிலோ கம்பியே இல்லை. கம்பி இருந்தால் எருமை, கம்பி இல்லாவிட்டால் எருமை இல்லை என்று அந்த இயந்திரம் நாங்கள் காட்டியதை அப்படியே நம்பிவிட்டது.

இதை அம்சவேணியிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். “அப்போ அது மாட்டையே பார்க்கலியா? எங்க ஊட்டு ஜன்னலைத்தான் பார்த்துச்சா?” என்றவர், தாமாகவே போனை எடுத்தார். “தேயிலைக் காட்டுல கொழுந்து எடுக்கறவங்களுக்கு ஏதுங்க ஜன்னலு? அவங்ககிட்டக் கேப்போம்.”

பேக்டரிப் பெண்களும் கொழுந்து பறிக்கும் பெண்களும் இருக்கும் குழுவுக்கு அவர் அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் காதில் இருக்கிறது: “ஏனுங்க, மாட்டுப் படம் வேணுமுங்க. ஊட்டுக்குள்ள இருந்து எடுத்தது வேண்டாம். அதுக்குன்னு பக்கத்துல போயும் எடுக்காதீங்க, என் கையை நெனச்சுக்கங்க.”

படங்கள் வந்தன. பச்சை நிரைகளுக்கு நடுவே முதுகு மட்டும் தெரிந்தவை, இலை ஏற்றும் லாரியிலிருந்து எடுத்தவை, மழையில் மங்கியவை. எங்கள் சுவர்க் கேமராவும் தன் பங்குக்கு வளைவைப் பனியிலும் வெயிலிலும் எடுத்துச் சேர்த்தது. காட்டெருமை இல்லாத கேட்டுகளையும் ஜன்னல்களையும் ஃபரீத் தெருத்தெருவாக எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “கேட்டு வேற, மாடு வேறன்னு ஒருத்தருக்குப் பாடம் நடத்தணுமுங்க” என்றாராம். எல்லாவற்றையும் காட்டி மீண்டும் பழக்கினோம்.

மாதத்தின் கடைசி வாரம். அன்று காலை எதிர்ச் சுவர்கூட மங்கித் தெரியும்படி மூடுபனி. அம்சவேணி ஸ்வெட்டர் அணிந்து, டிபன் டப்பாவுடன் வாசலில் நின்றார். துணைக்கு நானும் நின்றேன். இறங்குவதற்காக அவர் முதல் படியில் கால் வைத்தபோது கரண்டி தட்டில் அடித்தது.

“கேட்டா?” என்றார் என்னைப் பார்த்து.

“தெரியலை” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இருவரும் என் தோட்டச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி காத்திருந்தோம். கீழே பனிக்குள் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு பனியின் ஒரு பகுதி கறுத்துத் திரண்டு, குறுக்கே நடந்து, தேயிலைக்குள் இறங்கியது. செடிகள் முறியும் ஓசை தேய்ந்து மறைந்தது. மணி நின்றது.

அம்சவேணி போனை எடுத்தார். “சூப்பர்வைசருங்களா? அம்சவேணி பேசறனுங்க. கொஞ்சம் லேட்டாகுமுங்க, வழியில மாடு நின்னுச்சு.” சற்று நிறுத்தி, “ஆமாங்க, இன்னைக்கு வர்றனுங்க” என்றார்.

பிறகு இறங்கினார். நான்கைந்து படிகளுக்குள் பனி அவரை மூடிக்கொண்டது. செருப்போசை மட்டும் மேலே வந்தது. வளைவை அவர் நெருங்குவதை அதைக் கொண்டே உணர்ந்தேன். பார்வை முழுவதும் அந்தக் கரண்டியின் மேல் இருந்தது. அது அசையவில்லை. வளைவில் செருப்போசை நின்றது.

“உமாக்கா!” பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. “கேமராவுக்கு நேரா நின்னு கையை ஆட்டறேன். உங்க மிஷினு என்னை மாடுன்னு சொல்லலீங்க!”

செருப்போசை மீண்டும் எழுந்து, பஜாரை நோக்கி இறங்கிச் சென்றது.