கரம்பில் வந்த செடி

என் புருஷன் வேடியப்பனின் முகம் தடிக்க ஆரம்பித்தது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதம். முதலில் கண்ணிமை வீங்கியது. பிறகு நெற்றி, காது மடல், கழுத்து என்று தோல் கறுத்துத் தடித்து வெடித்தது. சொறிந்தால் நீர் வடிந்தது. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஒருவனுக்குக் காது தடித்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் மூத்தார் இருசப்பனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவர் மகள் தனத்துக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். செங்கம் பக்கம் நல்ல இடம்.

"தம்பி, கோவிச்சுக்காத. நிச்சயம் முடியறவரைக்கும் பயிர் வைக்காத நம்ம கரம்புல கொட்டாய் போட்டுத் தரேன். அங்க இரு" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னான்னு தெரிஞ்சிடுமே மாமா" என்றேன்.

"போனா ஊருக்கே தெரிஞ்சிடும்மா. பேரை எழுதிக்குவாங்க. ஆஸ்பத்திரி ஜீப்பு வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் எம் பொண்ண எவன் கட்டுவான்?"

கெட்டவராக இருந்திருந்தால் வாயார ஏசியாவது இருப்பேன். அழுதுகொண்டே தன் கையால் ஓலை வேய்ந்தார். தம்பிக்குத் தரை குளிரக் கூடாது என்று அங்கேயே முளைத்திருந்த செடியை அறுத்துப் பரப்பி, அதன்மேல் பாயை விரித்தார்.

அந்தச் செடிக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. மலை சுற்றும் பாதைக்கு மண் கொட்ட வந்த லாரிகளோடு வந்தது. கொத்தமல்லி மாதிரி இலை, நொய்யரிசி மாதிரி வெள்ளைப் பூ. முதல் வருஷம் ரோட்டோரம் நின்றபோது அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். மறு வருஷம் எங்கள் கரம்புக்குள் இறங்கிவிட்டது. மழை பெய்தால் மார் உயரம் வளரும். காய்ந்தால் இலையைத் தரையோடு பரப்பிப் படுத்துக்கொள்ளும், அப்படியே கிடந்து பூக்கும். மாடு முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

சொறி சிரங்குக்கு எங்கள் கைவைத்தியம் குப்பைமேனி இலையும் மஞ்சளும்தான். அதைப் பறிக்கத்தான் ஒருநாள் கரம்பில் தேடினேன். முன்பு கால் வைத்த இடமெல்லாம் மிதிபட்டுக் கிடந்த பூண்டு அந்தக் குப்பைமேனி. செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தேன். குப்பைமேனி இல்லை. தும்பை இல்லை. அருகம்புல்கூட இல்லை. கீழே தரை மொட்டையாக இருந்தது. குனிந்தவள் நிமிர்ந்து, கூடையைக்கூட எடுக்காமல் கொட்டாய்க்கு ஓடினேன்.

கொட்டாய்க்குப் போனபின் அவருக்குக் குறையும் என்று நினைத்தேன். நாளுக்கு நாள் ஜாஸ்தியானது. ஐப்பசியில் ஒருநாள் சோறு கொண்டுபோனபோது, "மே, இப்ப பகலா ராத்திரியா?" என்று கேட்டார். சூரியன் உச்சியில் இருந்தது. இமை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. துண்டால் அவர் தலையைப் போர்த்தி வேலூர் பஸ்ஸில் ஏற்றி நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணைக் கட்டி, கன்னத்திலும் கையிலும் ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் இவர் வலிக்குது என்றார்.

"இது தொழுநோய் இல்லம்மா" என்றார் டாக்டர். நான் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

பிறகு டாக்டரின் பார்வை என் சேலைக் கரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூவில் விழுந்தது. எங்கே இருக்கிறீர்கள், எதில் படுக்கிறார் என்று விசாரித்தார். ஆஸ்பத்திரி மதிலோரமும் முளைத்திருந்த அந்தச் செடியின் தழையை இவர் முதுகில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் அந்த இடம் மட்டும் கொப்பளித்திருந்தது.

"இதான் காரணம். வெளிநாட்டுச் செடி. பூந்தூள் காத்துல வந்து பட்டாலே போதும். யாரும் வெறுங்கையால தொடாதீங்க. இவரு அது இல்லாத எடத்துல இருக்கணும்."

"அது எங்கங்க இல்ல?" என்று கேட்டேன். அவர் களிம்புக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

வார்டிலேயே வீக்கம் வடிந்தது. ஊரில் இறங்கியதும் இவர் கண்டவனையெல்லாம் நிறுத்தி, "நமக்கு அது இல்லய்யா" என்று சொன்னார். இருசப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டு விம்மினார். கொட்டாயைப் பிரித்துப் போட்டார். "இந்த சனியன ஒண்ணு விடாம புடுங்கறேன்" என்று வீட்டையே கரம்புக்குக் கிளப்பினார்.

"கையால தொடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு" என்று கத்தினேன்.

"காப்பு காச்ச கைம்மா, இதுக்கு இன்னா ஆவும்?" என்று சிரித்தார். தனமும் வந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தபோது, "எங்க சித்தப்பாவ படுத்துன செடி, நான்தான் புடுங்குவேன்" என்று உதறினாள். மார்கழி முழுக்கப் பிடுங்கினார்கள். வேரைக் காலில் அடித்து மண் உதறும்போதெல்லாம் தூள் பறந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் தனம் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்து வந்தாள். இமை வீங்கியிருந்தது. காது மடல் சிவந்து தடித்திருந்தது.

"தொத்திக்கிச்சே! எம் பொண்ணுக்கும் தொத்திக்கிச்சே!" என்று என் ஓரகத்தி ராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"செடிதாங்க்கா! அந்தச் செடியாலதான்!" என்றேன்.

"செடி எங்கனா தொத்துமாடி? நாங்கதான் எல்லாரும் புடுங்கினோம், எங்களுக்கு வந்துச்சா? உம் புருஷன் கூட ஒக்காந்து சோறு துன்னா, அவளுக்கு வந்துச்சு."

ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்று நான் டாக்டரைக் கேட்டிருக்கவில்லை. இருசப்பன் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிரித்துப் போட்ட ஓலையைப் பொறுக்கப் போனார்.

என் புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நான் வழியை மறித்தேன்.

"எங்கய்யா போற? மறுபடி அந்த செடியிலயே போய்ப் படுக்கப் போறியா?"

அவர் என் காதருகே குனிந்தார்.

"நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு டாக்டரு பொய் சொல்லியிருப்பாரா மே?"

இல்லய்யா, இல்லய்யா என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். கரம்பில் முதலில் பிடுங்கிய பக்கமெல்லாம் புதுக் கன்றுகள் பச்சையாக எழும்பியிருந்தன. அதன் நடுவே பாயைப் போட்டுப் படுத்தார்.